தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம்: அறுவைச் சிகிச்சை இல்லாமல் எவ்வளவு தூரம் நடக்கலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. பத்து நிமிடம் நடந்தால் இரண்டு கால்களும் கனத்து மரத்துப்போகின்றன. சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்4 – எல்5 பகுதியில் கடுமையான கால்வாய்ச் சுருக்கம் என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். ஆபரேஷன் இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்:

‘சரிசெய்வது’ என்று நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. எலும்புக்குள் சுருங்கிப்போன வழியை எந்த மாத்திரையும், எந்த எண்ணெயும், எந்தப் பயிற்சியும் மறுபடி அகலமாக்காது. ஆக்கிக் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு இன்று வேண்டியிருப்பது கடைக்கும் கோயிலுக்கும் தானாகப் போய்வரும் நடை. அந்த நடையைப் பலருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே கணிசமாக மீட்க முடிகிறது. முதுகெலும்பு நோயாளிகளோடு பல ஆண்டுகள் பழகிய இயன்முறை மருத்துவன் என்ற முறையிலும், இது பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகளைப் படித்த முறையிலும் இதைச் சொல்கிறேன். எதைச் செய்வது என்பதைவிட ஏன் அதைச் செய்கிறோம் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால், நோயிலிருந்தே தொடங்குகிறேன்.

முதுகெலும்பின் நடுவே, மேலிருந்து கீழ்வரை, ஒரு குழாய்போன்ற வழி ஓடுகிறது. அதற்குள்தான் தண்டுவடம் இறங்குகிறது. ஆனால் தண்டுவடம் இடுப்பின் அடிவரை வருவதில்லை. இடுப்புப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளை மேலிருந்து எல்1, எல்2 என்று எண்ணுவார்கள்; பெரியவர்களுக்கு அது எல்1 – எல்2 எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்பு வேர்கள் மட்டுமே குதிரைவாலைப் போல ஒரு கற்றையாகத் தொங்குகின்றன. ஆகவே எல்4 – எல்5 இடத்தில் அழுந்துவது தண்டுவடம் அன்று, நரம்பு வேர்கள். தண்டுவடத்தைவிட இந்த வேர்கள் மெதுவாகக் கூடும் அழுத்தத்தை வெகுவாகத் தாங்கக்கூடியவை. ‘தண்டுவடம் நசுங்குகிறது, இன்றோ நாளையோ படுத்த படுக்கையாகிவிடுவார்’ என்று யாராவது அம்மாவைப் பயமுறுத்தியிருந்தால், அந்தப் பயத்தை முதலில் நீக்கிவிடுங்கள். கழுத்துப் பகுதியில் வரும் சுருக்கம் வேறு கதை. அங்கே அழுந்துவது தண்டுவடமேதான். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம் வருவது போன்ற அறிகுறிகள் அதற்கு உண்டு. கழுத்துச் சுருக்கத்துக்கு நான் கீழே சொல்வது எதுவும் பொருந்தாது.

இடுப்புப் பகுதியில் இந்தக் கால்வாய் முன்னிருந்து பின்னாகச் சுமார் 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை அகலம் இருக்கும். 12-க்குக் கீழே வந்தால் சுருக்கம் என்றும், 10-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்றும் பொதுவாகக் கொள்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ‘நடந்தால் வரும், உட்கார்ந்தால் போகும்’ இந்தக் கால்வலிக்கும் கால்வாயின் அகலத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது. வயதானவர்களுக்குக் கால்வாய் மூன்று பக்கங்களிலிருந்தும் நெருக்கப்படுகிறது. முன்பக்கத்திலிருந்து, நம் ஊரில் ‘ஜவ்வு’ என்று சொல்லும் டிஸ்க் உயரம் குறைந்து பின்னுக்குப் பிதுங்குகிறது. பக்கங்களில், எலும்புகளைக் கோக்கும் சிறு மூட்டுகள் தேய்ந்து தடிக்கின்றன. பின்பக்கத்தில், எலும்புகளை இணைக்கும் மஞ்சள் நிற நார் தடித்து உள்ளே மடிகிறது. ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் பலருக்கு இவற்றோடு நான்காம் எலும்பு ஐந்தாம் எலும்பின் மேல் சற்று முன்னே நழுவியும் இருக்கும். அம்மாவின் ஸ்கேன் அறிக்கையில் எலும்பு நழுவல் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் அது தேவைப்படும்.

சிகிச்சை முழுவதற்கும் திறவுகோல் ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்கும்போது இடுப்பு உள்வாங்கி வளைகிறது. அப்போது அந்த மஞ்சள் நார் தளர்ந்து உள்ளே புடைத்துக் கால்வாயை இன்னும் நெருக்குகிறது. முன்னே குனிந்தால் அதே நார் இழுபட்டுத் தட்டையாகி இடம் விடுகிறது. நிமிர்ந்து நடக்கும்போது உழைக்கும் நரம்பு வேர்களுக்கு இரத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அந்த நேரம் பார்த்து அங்கே இடமோ குறைந்து இரத்தம் தேங்குகிறது. விளைவாகக் கால் கனக்கிறது, மரக்கிறது, எரிகிறது. உட்கார்ந்து குனிந்ததும் சில நிமிடங்களில் தெளிந்துவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாத ஓர் அம்மா, அதிகாலையில் வாசலில் குனிந்து இருபது புள்ளிக் கோலத்தை ஒரே மூச்சில் போட்டுவிட்டு எழுந்து வருவார். வீட்டில் இருப்பவர்கள், ‘குனிந்து கோலம் போட முடிகிறது, நாலு எட்டு நடக்க முடியவில்லையாம்’ என்று சந்தேகமாகப் பேசுவார்கள். அவர் நடிக்கவில்லை. குனிந்திருக்கும் அந்தப் பத்து நிமிடமும் அவருடைய நரம்புகளுக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்தபடி அரை மணி நேரம் சுற்றுபவர், வெறுங்கையோடு வெளியே வந்ததும் நின்றுவிடுவதும் இதனால்தான்.

இந்த அடையாளங்கள் பொருந்துகின்றனவா என்று சோதிக்காமல், ஸ்கேனை மட்டும் வைத்துக் கால்வலிக்குக் காரணம் சொல்லக் கூடாது. கால்களுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் நடந்தால் வலி வரும், ஓய்வெடுத்தால் போகும். ஆனால் அந்த வலி நின்றாலே தணிந்துவிடும். உட்காரவோ குனியவோ தேவையில்லை. மேட்டில் ஏறும்போது அது கூடும், சைக்கிள் மிதித்தாலும் வரும். கால்வாய்ச் சுருக்கத்தின் வலியோ நின்றால் போகாது, உட்கார வேண்டும். மேட்டில் ஏறும்போது உடல் முன்சாய்வதால் குறையும், இறக்கத்தில் கூடும். சைக்கிளில் பெரும்பாலும் வராது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, வீட்டில் வேறொரு பெரியவர் இதே தொல்லையோடு பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தாலோ, பாதத்தின் நாடித்துடிப்பை மருத்துவர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல், இடுப்பு மூட்டுத் தேய்மானம், வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இந்த நோயின் மேல் சவாரி செய்யும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்குப் பி12 குறைவது அறிந்த விஷயம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அறிக்கையில் இருக்கும் ‘கடுமையான’ என்ற சொல்லும் உங்களை உறங்கவிடாமல் செய்திருக்கும். 1990-இல் அமெரிக்காவில், முதுகுவலியே வந்திராத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 21 விழுக்காட்டினருக்குக் கால்வாய்ச் சுருக்கம் இருந்தது. அவர்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். படத்தில் தெரியும் சுருக்கத்தின் அளவும் ஒருவர் படும் வேதனையின் அளவும் கைகோத்துப் போவதில்லை. ஸ்கேனில் மிதமாக இருந்து வாசலைத் தாண்ட முடியாதவர்களையும், கடுமையாக இருந்து சந்தைக்குப் போய்வருபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அம்மாவின் நிலையை அளக்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: நிற்காமல் எத்தனை நிமிடம் நடக்கிறார்? பயிற்சி தொடங்கும் நாளில் அதைக் கடிகாரம் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதைவிட இந்த நோட்டு அதிகம் சொல்லும்.

காத்திருந்தால் கெட்டுவிடுமா என்பது அடுத்த கவலை. ஸ்வீடனில் எந்தச் சிகிச்சையும் பெறாத 32 நோயாளிகளைச் சுமார் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். 70 விழுக்காட்டினர் இருந்தபடியே இருந்தார்கள். 15 விழுக்காட்டினருக்குத் தொல்லை குறைந்தது. 15 விழுக்காட்டினருக்குக் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் இந்த நோய் பெரும்பாலும் ஓட்டமெடுத்து மோசமாவதில்லை என்ற மருத்துவர்களின் அன்றாட அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. இன்னும் நேரடியான சான்று 2015-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தது. அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்திருந்த 169 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அறுவைச் சிகிச்சையும் மற்றவர்களுக்கு முறையான உடற்பயிற்சி சிகிச்சையும் ஒதுக்கினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினரின் உடல் இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது: பயிற்சிப் பிரிவில் இருந்தவர்களில் 57 விழுக்காட்டினர் இடையிலேயே அறுவைச் சிகிச்சைக்கு மாறிக்கொண்டார்கள். எனவே ‘பயிற்சி அறுவைச் சிகிச்சைக்குச் சமம்’ என்று அதைப் படிக்கக் கூடாது. கத்தியின் விளிம்பில் நின்றவர்களிலும் ஒரு பகுதியினர் பயிற்சியோடு மட்டும் இரண்டு ஆண்டுகளைக் கடந்தார்கள், முதலில் பயிற்சியை முயன்று பார்த்ததால் மற்றவர்களுக்கும் பெரிய இழப்பு ஏற்படவில்லை என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம்.

அப்படி முயன்று பார்க்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறதா என்பதைச் சில அறிகுறிகள் தீர்மானிக்கும். சிறுநீர் திடீரென்று இறங்காமல் போவது அல்லது அறியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரு தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் தொட்டால் உணர்வில்லாமல் மரத்துப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மறுநாள் காலை என்று தள்ளிவைக்கக் கூடாது. முன்பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவதும், நாளுக்கு நாள் கால் பலம் குறைவதும் விரைந்து நிபுணரிடம் காட்ட வேண்டியவை. காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, படுத்திருக்கும்போதும் விடாத இரவு வலி ஆகியவை இருந்தால் இது வெறும் தேய்மானம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை முறையாகப் பயிற்சி செய்து பார்க்க அம்மாவுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

பயிற்சிகளில் முதலாவதைக் கட்டிலில் படுத்தபடியே செய்யலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைப் படுக்கையில் ஊன்றச் சொல்லுங்கள். இப்போது உங்கள் உள்ளங்கையை அவருடைய இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். அங்கே ஒரு குழிவு இருக்கும், கை எளிதாகப் போய்வரும். ‘என் கையை மெத்தையோடு சேர்த்து அழுத்துங்கள்’ என்று சொல்லுங்கள். முதலில் அவர் மூச்சைப் பிடிப்பார், தோளைத் தூக்குவார், பாதத்தால் உந்துவார், கை அழுந்தாது. அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, மூச்சை விட்டபடி, இடுப்பை மட்டும் சற்றே சுருட்டினால் குழிவு மறைந்து உங்கள் கை சிக்கிக்கொள்ளும். அந்தச் சிறிய அசைவுதான் கால்வாய்க்கு இடம் கொடுக்கும் அசைவு. ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை. படுத்துக்கொண்டு இது கைவந்த பிறகு, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இதையே பழகச் சொல்லுங்கள். கடைத்தெருவில் கால் கனக்கத் தொடங்கும்போது அவர் கையில் இருக்கும் ஆயுதம் இதுதான்.

அடுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் கட்டி மார்பை நோக்கி இழுத்து இருபது விநாடி வைத்திருப்பது, பிறகு மற்றது, பிறகு இரண்டையும் சேர்த்து. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை வழுக்கவிட்டு முன்னே குனிவதும் நல்ல பயிற்சிதான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை: மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால், உட்கார்ந்தும் நின்றும் ஆழமாகக் குனிவது முள்ளெலும்பை நொறுக்கிவிடக்கூடும். 68 வயதில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிட்டு இதைத் தொடங்குவது நல்லது. அடர்த்தி குறைவாக இருந்தால் படுத்துச் செய்யும் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். குனிவது நரம்புக்கு நல்லது என்பதற்காகக் குடத்தைக் குனிந்து தூக்கலாம் என்றும் பொருளில்லை. சுமையோடு குனிவது யாருக்கும் ஆகாது.

பலரும் கவனிக்காமல் விடுவது தொடையின் முன்புறத் தசைகளை. வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இவை குறுகிவிட்டால், எழுந்து நிற்கும்போது இடுப்பெலும்பை முன்னே சாய்த்து, முதுகை இன்னும் உள்வளைய வைக்கும். கட்டிலின் கால்மாட்டு ஓரத்தில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்ற காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தத் தொடை படுக்கையில் படிய வேண்டும். படியாமல் அந்தரத்தில் நின்றால் தசை குறுகியிருக்கிறது என்று பொருள். அதே நிலையில் அரை நிமிடம் தொங்கவிடுவதே அதற்குச் சிகிச்சையும் ஆகும். இதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது புட்டத்துக்கும் தொடைக்கும் பலம் தரும். வீட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் கைப்பிடியில் சற்று முன்சாய்ந்தபடி ஐந்து நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடம் வரை போகலாம். நடக்கவே முடியாதவர்களுக்கும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் உழைப்புக் கொடுக்கும் வழி அது.

நடையைப் பொறுத்தவரை நம் மக்கள் செய்யும் பெரிய தவறு, வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து தீர்ப்பது. அம்மாவுக்குப் பத்தாவது நிமிடம் கால் மரக்கிறது என்றால் ஏழாவது நிமிடத்திலேயே உட்கார வேண்டும். முழங்கை தொடையில் படும்படி குனிந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டு, மறுபடி ஏழு நிமிடம். இப்படி மூன்று சுற்று நடந்தால் வலியே வராமல் இருபத்தொரு நிமிடம் நடந்திருப்பார். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். தெருவில் உட்கார இடம் கிடைக்காது என்பதால் முதல் மாதம் மொட்டை மாடியிலோ அடுக்ககத்தின் நடைவழியிலோ இரண்டு முனைகளிலும் நாற்காலி போட்டு நடப்பது நல்லது. கைத்தடியைவிட, சக்கரமும் உட்காரும் பலகையும் உள்ள வாக்கர் இந்த நோய்க்கு அதிகம் உதவும். அதன் கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் உடல் தானாகவே முன்சாயும். ‘வாக்கர் பிடித்தால் ஊர் என்ன சொல்லும்’ என்று தயங்கும் அம்மாக்களை நான் அறிவேன். அந்தத் தயக்கத்துக்காக வீட்டுக்குள்ளேயே முடங்கித் தசையை இழப்பது நோயைவிடக் கொடிது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை பற்றிக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், சக்கராசனம் என முதுகைப் பின்னால் வளைக்கும் எந்த ஆசனமும் அம்மாவுக்கு வேண்டாம். ஜவ்வு பிதுங்கிய இளைஞர்களுக்குக் கொடுக்கும் அச்சிட்ட பயிற்சித் தாளையே கால்வாய்ச் சுருக்கம் உள்ள முதியவர்களுக்கும் கொடுத்துவிடுவது இன்றும் நடக்கிறது. குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி மார்பைத் தூக்கும் அந்தப் பயிற்சி இளைஞருக்கு நிவாரணம், இவருக்கு நெருக்கடி. ‘பயிற்சி செய்து பார்த்தோம், வலி கூடிவிட்டது’ என்று சொல்லி வருபவர்களிடம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தால் பல நேரம் இதுதான் இருக்கும். பயிற்சி தோற்கவில்லை, திசை மாறிவிட்டது. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை, தசை இறுக்கம் தளரும். முதுகில் ஏறி மிதிப்பது, வெடுக்கென்று முறித்து நெட்டி எடுப்பது ஆகியவற்றை இந்த வயதில் அனுமதிக்கவே கூடாது.

வீட்டுக்குள் சிறு மாற்றங்கள் பெரிய பலன் தரும். அடுப்பு முன் நிற்கும்போது ஒரு மணைப்பலகையைப் போட்டு ஒரு காலை அதன் மேல் வைத்து, அவ்வப்போது கால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இடுப்பின் உள்வளைவு குறைந்து நிற்கும் நேரம் கூடும். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யலாம். துணிக்கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்குங்கள். பரணில் இருக்கும் டப்பாக்களைக் கீழே கொண்டுவாருங்கள். அண்ணாந்து கையை நீட்டும் ஒவ்வொரு முறையும் முதுகு பின்வளைகிறது. தூங்கும்போது ஒருக்களித்து முழங்காலை மடக்கி, கால்களுக்கு நடுவே தலையணை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. கட்டாந்தரையில் படுத்தால் முதுகு சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. குத்தவைத்து உட்காரும் கழிப்பறை இந்த நோய்க்கு எதிரி அன்று, சொல்லப்போனால் அந்த இருப்பு கால்வாய்க்கு இதமானது. முழங்கால் மூட்டு இடம் கொடுக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். கோயிலில் மூன்று சுற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, சுற்றுக்கு ஒருமுறை மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து எழலாம்.

மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் இந்த நோயில் அவற்றின் பங்கு சிறியது. பாராசிட்டமால் ஓரளவு துணைசெய்யும். வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகளைச் சில நாட்களுக்கு மேல் தாமாக வாங்கிச் சாப்பிடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து. கேபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள் சிலருக்குப் பயன்படுகின்றன. ஆனால் மயக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் தரக்கூடியவை, இரவில் எழுந்து நடக்கும் முதியவரைக் கீழே தள்ளிவிடக்கூடியவை. சீட்டில் தவறாமல் இடம்பெறும் மெத்தில்கோபாலமின் பி12 குறைவைத் தீர்க்கும். சுருக்கத்தைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி 2014-இல் 400 நோயாளிகளிடம் செய்த அமெரிக்க ஆய்வில், ஸ்டீராய்டு கலந்த ஊசிக்கும் மரப்பு மருந்து மட்டும் உள்ள ஊசிக்கும் ஆறு வாரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. ஒரு காலில் மட்டும் கடுமையாகச் சுண்டியிழுத்து, பயிற்சியே தொடங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு அது தற்காலிக வாசலைத் திறந்துவிடலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். இடுப்பு பெல்ட்டை வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் கட்டலாம். நாள் முழுதும் கட்டினால் தசை சோம்பிவிடும். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது நல்லது, ஆனால் குறையும்வரை நடையைத் தள்ளிவைக்காதீர்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் நிமிடங்கள் ஏறவில்லை, அம்மாவின் வாழ்க்கை வீட்டு வாசலோடு சுருங்கிவிட்டது என்றால், அறுவைச் சிகிச்சையை மறுப்பதில் பொருளில்லை. தேர்ந்தெடுத்துச் செய்யும்போது அது கால்வலிக்கு நல்ல சிகிச்சை. பலவீனம் கூடாதவரை இந்த மூன்று மாதத் தாமதத்தால் அதன் பலன் கெடுவதும் இல்லை. அப்போது மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: அழுத்தத்தை மட்டும் நீக்கப் போகிறீர்களா, அல்லது ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைக்கவும் போகிறீர்களா? 2016-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 247 பேரைப் பார்த்தபோது, எலும்பு நழுவல் இருந்தவர்களிலும்கூட, இணைப்பைச் சேர்த்ததால் இரண்டு ஆண்டு முடிவில் கூடுதல் நன்மை தெரியவில்லை. அதே ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நழுவல் உள்ளவர்களுக்கு இணைப்பால் சற்றே நன்மை இருப்பதாகச் சொன்னது. ஆகவே இரண்டுக்கும் இடமிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு எது, ஏன் என்பதை மருத்துவர் அவருடைய எலும்பின் அசைவைக் காட்டி விளக்க வேண்டும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே இல்லாமல் அந்த விளக்கம் முழுமையாகாது. நான் முன்பே ஸ்கேன் அறிக்கையில் தேடச் சொன்ன அந்த நழுவல் இங்கேதான் முக்கியமாகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை நான்கே. பாத நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்; பி12, எலும்பு அடர்த்தி இரண்டையும் பரிசோதியுங்கள்; முதுகெலும்பு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஓர் இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நான் எழுதியவற்றில் அம்மாவுக்குப் பொருந்துபவற்றை அவர் கண்ணெதிரே இரண்டு மூன்று முறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் வீட்டில் தனியாகப் படித்துச் செய்வதைவிட ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தும்போது பலன் கூடுகிறது. நாலாவது, அந்த நோட்டு. தேதி, எத்தனை நிமிடத்தில் கால் கனத்தது, உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் தெளிந்தது என்று நாளுக்கு ஒரு வரி போதும். அதை அம்மா கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.